பழைய காரின் டோர் பேட், தரை ஃபெல்ட், கூரை லைனிங்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. அப்பா ஓட்டிய வண்டி. அதன் உள்பக்கத்தை முழுக்கப் பிரித்து, கதவுப் பலகையிலிருந்து தரை ஃபெல்ட் வரை ஒவ்வொன்றாகச் செய்து போட எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. ஒரு முறை தப்பாகச் செய்து, மறுபடி பிரித்ததும் அதில் சேர்த்தி. அப்புறம் அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்கள் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இதெல்லாம் அழகுக்குத்தானே? இல்லாமலே ஓட்டினால் என்ன?

ஓட்டலாம். ஆனால் கதவைச் சாத்தினால் காலி தகர டப்பா மாதிரி சத்தம் வரும். இன்ஜின் சூடு காலைச் சுடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி பக்கத்தில் வந்தால் உள்ளே இருப்பவர்கள் கத்தித்தான் பேச வேண்டும். அந்தக் காலத்து வண்டி செய்தவர்கள் ஹார்டுபோர்டு, சணல் ஃபெல்ட், தார் அட்டை என்று கைக்குக் கிடைத்ததை வைத்து இதைத்தான் சமாளித்தார்கள். ஐம்பது வருஷத்தில் ஹார்டுபோர்டு உப்பிப் பிளந்துவிடும், ஃபெல்ட் பொடியாகிவிடும். அப்போது அவை செய்யும் வேலையும் போகும், அழகும் போகும்.

கழற்றியதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

துருவை. புதுச் சாமான் வாங்கும் ஆசையை அதுவரை அடக்கி வையுங்கள்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியே நம் வாழ்க்கை. உப்புக் காற்று. உப்புக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. ஃபெல்ட்டில் ஒரு தரம் உப்பு ஏறிவிட்டால் வெயில் காலத்திலும் அது முழுசாகக் காயாது. அடியில் தகரம் அரித்துக்கொண்டே இருக்கும். மேலே மேட் இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது.

நான் செய்த தப்பு இதுதான். முதல் தடவை தரை முழுக்கப் பசை தடவி, ஃபெல்ட்டை ஓரம் வரை அழகாக ஒட்டினேன். முன்கண்ணாடி ரப்பரில் சின்னக் கசிவு இருந்தது, கவனிக்கவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து டிரைவர் பக்கத் தரையில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது. டிங்கர் கடையில் தரையை வெட்டி வேறு தகரம் வைத்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்குதான்: ஈரம் தங்காதபடியும், நினைத்த நேரத்தில் தூக்கிப் பார்க்கும்படியும் இருந்தால் மட்டும் அந்தப் பொருள் வண்டிக்குள் வரும். சத்தமும் சூடும் அதற்கப்புறம்.

சரி, துரு இருந்தால்? கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உப்புப் போக நல்ல தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, துருவை மாற்றும் திரவம், பிரைமர், பெயின்ட் என்ற வரிசையில் போங்கள். ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டும் பூசிவிட்டு மேலே ஃபெல்ட் போடாதீர்கள். பிரைமர் ஈரத்தைக் கொஞ்சம் உள்ளே விடும், அதன்மேல் பெயின்ட் வேண்டும். கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், முன்சுவரில் (இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகரம்) ஒயரும் கேபிளும் வரும் ஓட்டைகள் எல்லாவற்றையும் வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

தரையில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தார் அட்டையை எப்படி எடுப்பது?

நன்றாக ஒட்டிக்கொண்டு, விளிம்பில் துரு எட்டிப் பார்க்காமல் இருந்தால் எடுக்கவே வேண்டாம். விரிசல் விட்டிருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும், அந்த விரிசலில்தான் தண்ணீர் நிற்கும்.

ஹீட் கன்னால் இளக்கி, அகலமான உளியால் சுரண்டுவது ஒரு வழி. பிசுபிசுவென்று வரும், நேரம் எடுக்கும், ஆனால் வீட்டிலேயே செய்யலாம். இன்னொரு வழி உலர் பனிக்கட்டி. கழித்தல் 78 டிகிரி குளிர்ச்சியில் தார் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ரப்பர் சுத்தியால் தட்டினால் சில்லுச் சில்லாகக் கழன்று வரும். காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸ் போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது. அதற்கு அவ்வளவு குளிர்ச்சி கிடையாது, மேலும் உருகித் தண்ணீராக ஓடும். உலர் பனிக்கட்டி உருகாமல் நேராகக் கரியமில வாயுவாகப் போகும். அதனால்தான் மூடிய ஷெட்டில் அதை வைத்து வேலை செய்யக் கூடாது, மூச்சு முட்டும். நான்கு கதவையும் திறந்து, வெட்டவெளியில், தடித்த கையுறையோடு செய்யுங்கள்.

சாம்பல் வெள்ளையில் நார் நாராக ஒரு அட்டை வந்தது. அது என்ன?

அப்படியே நிறுத்துங்கள். சைலன்சர் குழாய்க்கு மேலேயும், இன்ஜின் பக்கச் சுவரிலும் பழைய வண்டிகளில் அஸ்பெஸ்டாஸ் அட்டை வைப்பது வழக்கம். காய்ந்த நிலையில் சுரண்டினால், தேய்த்தால் நுண்ணிய இழை காற்றில் கலந்து நுரையீரலில் போய்த் தங்கும். பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய்விடும். தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கலந்து தெளித்து நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுத் துண்டாக எடுங்கள். சாதாரணத் துணி முகமூடி உதவாது, நுண்தூசி வடிகட்டும் மாஸ்க் வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள். காற்றடித்தோ வேக்வம் கிளீனர் போட்டோ அந்த இடத்தைச் சுத்தம் செய்யாதீர்கள். குழந்தைகள் விளையாடும் சந்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. அதே அட்டையைப் புதிதாக வாங்கிப் போடும் எண்ணமும் வேண்டாம்.

சத்தம் குறைய என்ன ஷீட் வாங்குவது?

இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள், ஏனென்றால் சத்தம் என்பது ஒரே விஷயம் இல்லை.

கதவுத் தகரத்தின் நடுவில் விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். டங் என்று நீளமாக ஒலித்தால் அந்தத் தகரமே பறை மாதிரி அதிர்கிறது என்று அர்த்தம். அதை அடக்க அலுமினியத் தாள் பதித்த பியூட்டைல் ரப்பர் ஷீட். 2 மில்லிமீட்டர் போதும். முழுப் பரப்பையும் மூடத் தேவையில்லை. அதிர்வு அதிகமாக இருக்கும் நடுப்பகுதியில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு ஒட்டினாலே டங் என்பது டொக் என்று மாறிவிடும். கூடுதலாக ஒட்டினால் பணமும் எடையும்தான் ஏறும். 2 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு 3 முதல் 4 கிலோ வரை வரும். உள்பக்கம் முழுக்க ஐந்து சதுர மீட்டர் ஒட்டினால் 15 முதல் 20 கிலோ. ஹெரால்டின் 948 சிசி இன்ஜினுக்கு அது சும்மா ஏற்றும் சுமை. சின்ன உருளையால் அழுத்தித் தேய்த்து, அடியில் காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். குமிழி இருந்தால் அங்கே ஈரம் சேரும்.

இன்ஜின் இரைச்சல் வேறு கதை. அது காற்று வழியாக வருகிறது. அதைத் தடுக்கக் கனமான, இடைவெளி இல்லாத தடுப்பு வேண்டும். இங்கே கால்வாசிக் கணக்கு செல்லாது. கட்டைவிரல் பருமன் ஓட்டை ஒன்று இருந்தால் போதும், சத்தம் அதன் வழியே வந்துவிடும். ஆக்சிலரேட்டர் கேபிள், ஹீட்டர் குழாய்க்கு விட்ட ஓட்டை, எப்போதோ யாரோ ஹாரனுக்குப் போட்ட ஓட்டை என்று முன்சுவரில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ரப்பர் குரோமெட் (ஓட்டையில் செருகும் ரப்பர் வளையம்) வாங்கி எல்லாவற்றையும் அடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் கனமான வினைல் விரிப்பு, அதற்கு அடியில் ஃபெல்ட்.

ஃபெல்ட்டில் சணலா, பாலியெஸ்டரா? அசல் போலவே இருக்க வேண்டும் என்றால் சணல். வண்டி மூடிய ஷெட்டில் நிற்கிறது, மழையில் எடுப்பதில்லை என்றால் தாராளமாகப் போடலாம். வாசலில், தெருவில் நிற்கும் வண்டிக்கு ஊசியால் குத்தி இறுக்கிய பாலியெஸ்டர் ஃபெல்ட்தான் என் தேர்வு. மட்காது, பிழிந்து கொடியில் போட்டால் அன்றைக்கே காய்ந்துவிடும். சோபாவுக்குப் போடும் பஞ்சு ஃபோம் தரையில் வேண்டவே வேண்டாம், அது தண்ணீர் குடிக்கும். ஃபோம்தான் வேண்டும் என்றால் ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஃபோம் வாங்குங்கள். அதன் நுண்துளைகள் மூடியவை, தண்ணீர் உள்ளே ஏறாது.

மொட்டை மாடிக் கசிவுக்குப் போடும் தார் ஷீட் மலிவாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய காரின் கூரைத் தகரத்தில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் தார் இளகி, கதவுக்குள் கண்ணாடி ஓடும் வழியில் வழியும். நாற்றமும் போகாது. மறுபடி சுரண்டி எடுப்பது உங்கள் தலையில்தான் விழும்.

வெள்ளி நிறத் தாள் ஒட்டினால் சூடு குறையுமா?

அதன் பளபளப்புக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால் குறையும். அது கதிராக வரும் சூட்டைத்தான் திருப்பி அனுப்பும். தகரத்துக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் நசுக்கி வைத்தால் அது இன்னொரு உலோகம், சூட்டை அப்படியே கடத்திவிடும். சைலன்சர் குழாய்க்கு மேலே ஒரு விரல் இடைவெளி விட்டு அலுமினியத் தகடு பொருத்திப் பாருங்கள், கால் வைக்கும் இடத்தில் வித்தியாசம் தெரியும். கூரைக்கு லைனிங்குக்கு மேலே 6 மில்லிமீட்டர் நைட்ரைல் ஃபோம் ஒட்டுவது நம் ஊர் வெயிலுக்கு நல்ல பலன் தருகிறது. கூரையில் தண்ணீர் தேங்காது, அதனால் அங்கே முழுப் பரப்பையும் மூடலாம்.

டோர் பேடுக்கு எந்தப் பலகை?

3 மில்லிமீட்டர் ஹார்டுபோர்டுதான் அசலுக்குப் பக்கத்தில் வரும். எண்ணெய் ஏற்றிக் கெட்டிப்படுத்திய ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள், சாதா ரகம் ஈரத்தில் சீக்கிரம் உப்பும். வெட்டி, எல்லா ஓட்டையும் போட்ட பிறகு இரண்டு பக்கமும் வார்னிஷ் அடிக்க வேண்டும். அதைவிட முக்கியம் விளிம்பும் ஓட்டைகளின் உள்சுவரும். தண்ணீர் குடிப்பது அங்கேதான். மூன்று கோட் அடியுங்கள்.

விளம்பரப் பலகைக்குப் போடும் பி.வி.சி. ஃபோம் போர்டை நிறையப் பேர் சொல்கிறார்கள். தண்ணீரில் கெடாது, உண்மைதான். ஆனால் மூடிய காரின் சூட்டில் நெளிந்துவிடும், பலகையைக் கதவோடு மாட்டும் கிளிப்பையும் கெட்டியாகப் பிடிக்காது. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஷீட் பரவாயில்லை. மரைன் பிளைவுட்டில் 4 மில்லிமீட்டர் நல்ல பலகை, ஆனால் தடிமன் கூடுவதால் கிளிப் எட்டாமல் போகும். வாங்குவதற்கு முன் ஒரு துண்டில் கிளிப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் எந்தப் பலகை போட்டாலும், கதவுக்கும் பலகைக்கும் நடுவில் பாலித்தீன் தாள் இல்லையென்றால் எல்லாம் வீண். கண்ணாடி வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. கதவின் அடியில் அது வெளியேற ஓட்டைகள் இருக்கின்றன. அந்தத் தாள்தான் தண்ணீரைப் பலகைப் பக்கம் விடாமல் அடி ஓட்டைக்கு அனுப்புகிறது. பழைய வண்டி பத்தைப் பிரித்தால் எட்டில் அந்தத் தாள் கிழிந்தோ காணாமலோ இருக்கும். கெட்டியான பாலித்தீனை பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டி, அடிப்பக்க முனையைக் கதவின் பிளவுக்குள் செருகி விடுங்கள். ஓட்டைகளைக் கம்பி விட்டுக் குத்தி அழுக்கை எடுங்கள். பியூட்டைல் ஷீட்டால் அவற்றை மூடிவிடாதீர்கள்.

பழைய பலகை உதிர்ந்துபோனது. அளவு எப்படி எடுப்பது?

ஒரு பக்கமாவது உருப்படியாக இருந்தால் அதைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்துக்கு வரையலாம் என்று தோன்றும். நான்கு தடவை டிங்கர் வேலை பார்த்த வண்டியில் இடதும் வலதும் ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாக அச்சு எடுங்கள். முதலில் செய்தித்தாள், அப்புறம் அட்டை, கடைசியில்தான் பலகை. அட்டையைக் கதவில் டேப்பால் ஒட்டி, கிளிப் ஓட்டைகளை உள்ளிருந்து பென்சிலால் குறியுங்கள். ரெக்ஸின் மடிந்து வரும் தடிமனுக்காகச் சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள். இதை மறந்தால் பலகை உட்காராது, நடுவில் புடைக்கும்.

வளைவு வரும் இடங்களுக்கு ஹார்டுபோர்டின் சொரசொரப்பான பின்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து, வளைத்துக் கட்டி இரண்டு நாள் காயவிட்டால் அந்த உருவத்திலேயே நிற்கும். வார்னிஷுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடி வரவே மாட்டேன் என்கிறது!

இழுக்காதீர்கள். ஹெரால்டு மாதிரி பிரிட்டிஷ் வழி வண்டிகளில் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் வட்டத் தட்டைப் பலகைப் பக்கம் அழுத்தினால் குறுக்கே ஒரு சின்ன ஆணி தெரியும். அதைத் தட்டி எடுத்தால் கைப்பிடி தானாக வரும். ஆணி தெறித்து ஓடிவிடும், கீழே ஒரு துணி விரித்து வையுங்கள்.

ஹெரால்டின் கியர்பாக்ஸ் மூடியை ஃபைபர் கிளாஸில் செய்யலாமா?

செய்யலாம், நானும் அதைத்தான் செய்தேன். 1959இல் இங்கிலாந்தில் வந்த ஹெரால்டு, 1961இல் நம் ஊர் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் தயாராக ஆரம்பித்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிச்செலோட்டி வரைந்த அழகான வண்டி. அதன் கியர்பாக்ஸ் மேலே இருப்பது அழுத்திச் செய்த அட்டை மூடி. எண்ணெய், தண்ணீர், சூடு மூன்றையும் வாங்கி வாங்கி அது அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

இந்த வண்டியில் கியர்பாக்ஸை இறக்குவது கீழிருந்து இல்லை, உள்ளிருந்து. மூடியைக் கழற்றி, காருக்குள்ளிருந்துதான் வெளியே எடுக்க வேண்டும். ஆகவே மூடியின் மேலே போடும் ஃபெல்ட் மூடியோடு மட்டும் ஒட்டியிருக்க வேண்டும், தரையோடு ஒட்டவே கூடாது. விளிம்பில் ஃபோம் பட்டை வைத்து ஸ்குரூ போட்டு இறுக்குங்கள். சிலிக்கோன் பூசி அடைத்துவிட்டால் அடுத்த கிளட்ச் வேலைக்கு மெக்கானிக் அதை உடைத்துத்தான் எடுப்பார். நல்ல பழைய மூடி இருந்தால் அதையே அச்சாக வைத்து, மெழுகு பூசி, மேலே ஃபைபர் கிளாஸைப் படிய வையுங்கள். உள்பக்கம் நைட்ரைல் ஃபோம் ஒட்டினால் கியர் ஊளை நன்றாக அடங்கும்.

பசை?

ரப்பர் பசைதான், ஃபெவிகால் எஸ்.ஆர். மாதிரி. இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, விரல் வைத்தால் ஒட்டாத பக்குவத்தில் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் ரெக்ஸின் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. கூரைக்குச் சாதாரணப் பசை நிற்காது, அதிகச் சூடு தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். இந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. மழை நாளில் ஒட்டாதீர்கள். தரைக்குப் பசையே வேண்டாம், ஃபெல்ட்டும் மேட்டும் சும்மா கிடக்கட்டும். ஓரத்தில் நாலு பட்டன் போதும்.

வாங்கும் பொருள் தீப்பிடிக்குமா என்று எப்படித் தெரியும்?

காரின் உள்பொருள்களுக்கு உலக அளவில் ஒரு விதி இருக்கிறது: கிடைமட்டமாகப் பிடித்து எரித்தால் தீ நிமிஷத்துக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. அதே கணக்கை வீட்டில் பயன்படுத்தலாம். 10 சென்டிமீட்டருக்குக் கோடு போட்ட ஒரு பட்டையை இடுக்கியால் கிடைமட்டமாகப் பிடித்து, மொட்டை மாடியில், பக்கத்தில் வாளித் தண்ணீரோடு, நுனியில் பற்ற வையுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் கோட்டைத் தொட்டால், அல்லது எரிந்தபடி சொட்டினால், அதை வாங்காதீர்கள். சோதனைக்கூடத்து முடிவுக்கு இது ஈடாகாது. ஆனால் மோசமானதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. ஃபெல்ட்டைக் காயவைத்துப் போடலாமா?

சணல் ஃபெல்ட் என்றால் தூக்கிப் போடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் பக்கத்தில் எத்தனையோ வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. எண்ணூரில் மிக்ஜாமின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. எண்ணெய் ஊறிய ஃபெல்ட்டைக் காரில் வைத்திருப்பது ஆபத்து.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். சீட், மேட், பலகை எல்லாம் வெளியே வரட்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர் விட்டு நிறையக் கழுவுங்கள். தண்ணீர் பட்ட வண்டியை மறுபடி தண்ணீரில் கழுவுவதா என்று தயங்க வேண்டாம், உப்பும் சேறும் போனால்தான் துரு நிற்கும். கதவின் அடி, சைடு பாக்ஸ், டிக்கியின் மூலைகளில் சேறு அடைத்திருக்கும். ஒரு வாரமாவது ஃபேன் போட்டுக் காயவிடுங்கள்.

சாமான் எங்கே கிடைக்கும்?

ரெக்ஸின், மெல்லிய ஃபோம், தோல் எல்லாவற்றுக்கும் பெரியமேடு. அச்சுக்கு நல்ல கெட்டி அட்டை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில். பழைய கிளிப், கைப்பிடி, வட்டத் தட்டுக்குப் புதுப்பேட்டையில் பொறுமையாக அலைய வேண்டும். பழைய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள், வாயால் சொன்னால் வேறு எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். நைட்ரைல் ஃபோம், அலுமினிய டேப் இரண்டும் ஏ.சி. டக்ட் சாமான் கடைகளில். பலகையை உங்கள் பேட்டை பிளைவுட் கடையிலேயே பாருங்கள். கோடு கோடாகத் தையல் வரும் டோர் பேடுக்கு நல்ல குஷன் கடைக்காரரைப் பிடியுங்கள், அந்த நேர்க்கோடு வீட்டுத் தையல் மெஷினில் வராது.

உள்பக்கம் மாற்றினால் வின்டேஜ் பதிவுக்கு இடைஞ்சல் வருமா?

2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷத்துக்கு மேலான, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அந்த விதி மாற்றமாகப் பார்ப்பது சேஸி, பாடி, இன்ஜின் இவற்றை. டோர் பேடும் ஃபெல்ட்டும் அதில் வராது. ஆனாலும் பழைய பலகை ஒன்றை, உடைந்திருந்தாலும் சரி, பத்திரமாக வைத்திருங்கள். அசல் தையல் வரிசை, கிளிப் இடைவெளி, நிறம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

போட்டு முடித்த பிறகு என்ன பராமரிப்பு?

ஐப்பசி மழைக்கு முன் ஒரு தரம், தை பிறந்ததும் ஒரு தரம் மேட்டைத் தூக்கித் தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கதவின் அடி ஓட்டைகளில் கம்பி விடுங்கள். கை ஈரமானால் ஃபெல்ட்டை வெளியே எடுத்து மாடிக் கொடியில் போட்டுவிட்டு, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று அன்றைக்கே தேடுங்கள்.